வீட்டில் யாரும் படிக்காத புத்தகங்கள்

ஒரு நல்ல நாவலை முடித்த மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். முழுக் கதையையும் அல்ல. அதற்குள் வந்த ஒரு மனுஷியை, அவள் கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை. முன்னூறாம் பக்கத்தில் ஒரு கதவைத் திறக்கும்போது, ஐம்பதாம் பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் வந்துபோன சாவி ஞாபகத்துக்கு வருமே, அந்தச் சிலிர்ப்பை. சொல்ல வாயெடுப்பேன். எதிரே இருப்பது அன்பான முகம்தான். ஆனாலும் அந்த முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்காரும். எனக்காகக் கேட்கிற பொறுமை அது, புத்தகத்துக்காக அல்ல.

படிக்கிற பழக்கம் உள்ள ஒரே ஆளாக ஒரு குடும்பத்தில், ஒரு நட்பு வட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில்கள் மனப்பாடமாக இருக்கும். “ரொம்ப மெதுவா போகுதே.” “பத்துப் பக்கம் படிச்சேன், தூக்கம் வந்துடுச்சு.” “நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இதெல்லாம் ஒத்து வராது.” “படமா வந்தா சொல்லு, பார்க்கிறேன்.” இவற்றில் ஒன்றுகூட என்னைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, நேர்மையான பதில்கள். கஷ்டமாக இருப்பது, “படிக்கிறேன், படிக்கிறேன்” என்ற பதில்தான். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் அவர்கள் வீட்டு மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். போகும்போதெல்லாம் கண்ணில் படும். திருப்பிக் கேட்கவும் முடியாது, படித்தாயா என்று கேட்கவும் மனசு வராது.

இவர்கள் யாரும் ரசனை இல்லாதவர்கள் அல்ல. என் அப்பா வாழ்க்கை முழுக்கக் கணக்குத் துறையில் இருந்தவர். ஒரு பேரேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தே எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவார். என் தங்கைக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியும். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அவர் எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிற என் தோழி, நான் கூப்பிட்டால் நடு இரவிலும் கிளம்பி வருவாள். எனக்காக எதையும் செய்யக்கூடியவர்கள் இவர்கள். அந்த ஒரு புத்தகத்தைப் படிப்பது மட்டும் அவர்களால் ஆகாது.

நமக்குப் பிடித்த நிறம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் யாரும் வருத்தப்படுவதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது? நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: சில புத்தகங்களில், நாம் இத்தனை காலம் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒன்றை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தைத் தோழி கையில் கொடுக்கும்போது “இதைப் படி” என்று வாய் சொல்கிறது. மனசு சொல்வது, “இதில் நான் இருக்கிறேன், என்னைக் கண்டுபிடி” என்று. அவள் பன்னிரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டு மூடி வைக்கிறாள். அவள் மூடியது ஒரு புத்தகத்தைத்தான். அதற்குள் நான் ஒளிந்திருப்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?

படிப்பவர்களில் சிலர் இந்த வலியை ஒரு கர்வமாக மாற்றிக்கொள்கிறார்கள். படிக்காதவர்களுக்கு ஒரே ஒரு வாழ்க்கைதான், படிக்கிறவர்களுக்கு ஆயிரம் வாழ்க்கை என்பது மாதிரியான பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. நல்ல வாசிப்பு இன்னொருவர் நிலையில் நின்று பார்க்கச் சொல்லித்தருகிறது என்று நாமே சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் குறைத்துப் பேசினால் படித்ததற்கு என்ன அர்த்தம்?

ஒரு புத்தகத்தை ரசிக்க முடியாமல் போவதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார்: டால்ஸ்டாய். உலகமே கொண்டாடுகிற ஷேக்ஸ்பியரை அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. சும்மா புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதல்ல. ரஷ்ய மொழியில் படித்தார், ஆங்கிலத்தில் படித்தார், ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் படித்தார். எல்லோரும் ரசிக்கிறார்களே, தன்னிடம்தான் ஏதாவது கோளாறோ என்று சந்தேகப்பட்டு, தமது 75-வது வயதில் மறுபடியும் எல்லா நாடகங்களையும் எடுத்து உட்கார்ந்தார். அப்போதும் அதே அலுப்பு. கடைசியில் ‘கிங் லியர்’ நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப்போட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அது 1906-ல் வெளிவந்தது.

அதற்கு ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1947-ல் எழுதிய பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். லியர் ஒரு கிழ ராஜா. நாட்டைத் துறந்துவிட்டு அதற்கப்புறம் நிம்மதி இல்லாமல் அலைகிறவன். டால்ஸ்டாயும் சொத்தையும் பட்டத்தையும் உதறியவர். 1910-ல், 82 வயதில், வீட்டை விட்டுக் கிளம்பிப்போய் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் உயிரை விட்டார்; கடைசி நேரத்தில் துணைக்கு ஒரு மகள் இருந்தாள், லியருக்குக் கார்டீலியா இருந்தது போலவே. டால்ஸ்டாய் அந்த நாடகத்தின் மேல் அத்தனை வெறுப்புக் காட்டியதற்கு, அதில் தம் சாயல் தெரிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆர்வெலின் ஊகம். ஒரு புத்தகம் ஒருவரைத் தொடாமல் போவதற்கு அது அவருக்கு மிகத் தூரத்தில் இருப்பது காரணமாகலாம். மிகப் பக்கத்தில் இருப்பதும் காரணமாகலாம் என்று இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது. வீட்டில் யாராவது ஒரு நாவலைப் பாதியில் வைத்துவிட்டு “மனசுக்கு என்னவோ பண்ணுது, வேணாம்” என்று சொன்னால் நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு பாட்டைக் கேட்கச் சொன்னால் ஐந்து நிமிஷம். ஒரு படம் என்றால் இரண்டரை மணி நேரம், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். நாவல் அப்படியா? பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் 2019-ல் 190 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்: ஆங்கிலத்தில் கதை படிப்பவர்கள் சராசரியாக நிமிஷத்துக்கு 260 சொற்கள் படிக்கிறார்கள். ஒரு லட்சம் சொற்கள் உள்ள நாவலுக்கு அந்த வேகத்தில் ஆறரை மணி நேரம். தமிழ்ச் சொல் ஒன்றே சில சமயம் ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொற்களின் வேலையைப் பார்க்கும் என்பதால் நமக்குச் சொல் கணக்கு குறையும், ஆனால் நேரம் குறையாது. அதுவும் வேறு எந்த வேலையும் செய்யாமல், யாரோடும் பேசாமல், தனியாக உட்கார்ந்து. படித்துப் பழகியவருக்கே இப்படி என்றால், பழக்கம் விட்டுப்போனவருக்கு அது ஒரு மாத வேலை. பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற தோழியிடம் நான் சர்வ சாதாரணமாக நீட்டுவது அந்த ஒரு மாதத்தைத்தான்.

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று பத்து உரிமைகளை எழுதினார். முதல் உரிமையே படிக்காமல் இருக்கிற உரிமை. மூன்றாவது, முடிக்காமல் விடுகிற உரிமை. பத்தாவது உரிமையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: படித்ததைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்கிற உரிமை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு “எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறோமே, அது கொடுத்ததைப் பரீட்சையாக மாற்றிவிடுகிறது. நான் இப்போது யாருக்கும் புத்தகம் கொடுக்கும்போது திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியே கொடுக்கிறேன். எனக்கு வேண்டுமென்றால் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்வேன். அவர்கள் அதை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்; போகிற கைகளில் ஏதாவது ஒன்று அதைப் பிரிக்கும்.

சரி, அப்படியானால் பிடித்ததை வாயை மூடிக்கொண்டு தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானா? என்னால் அது முடியாது. முடிய வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன். மௌனமாக, தனியாக, கண்ணால் மட்டும் படிப்பது என்பதே மனித வரலாற்றில் பிந்தி வந்து பரவிய பழக்கம். 4-ஆம் நூற்றாண்டில் மிலன் நகரத்தில், கிறிஸ்தவ ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த சிந்தனையாளர் அகஸ்டின் அதைக் குறிப்பிட்டு எழுதிவைக்கிற அளவுக்கு அது கவனத்தை ஈர்க்கிற காட்சியாக இருந்திருக்கிறது. நம் மொழியிலும் எழுத்து பெரும்பாலும் காதுக்குத்தான் போயிருக்கிறது. ஒருவர் படிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கதை முழுசாகச் சொந்தமாக இருந்தது.

ரசிகமணி என்று பெயர் வாங்கிய டி.கே. சிதம்பரநாத முதலியாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலியில் அவர் வீட்டில், வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். அவர் கம்பனை எடுத்து ஒரு பாட்டைச் சொல்வார். நிறுத்தி, மறுபடி சொல்வார். எந்தச் சொல்லில் குரல் ஏற வேண்டுமோ அங்கே ஏறி, எங்கே காத்திருக்க வேண்டுமோ அங்கே காத்திருந்து சொல்வார். அதுவரை இலக்கணமும் உரையும் மிரட்டிக்கொண்டிருந்த செய்யுள், கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்த ஒருவர் பேசுவது போல ஆகிவிடும். கம்பராமாயணம் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள் என்று அவர் யாரையும் அனுப்பி வைக்கவில்லை. ஒரு பாட்டு. அதைத் தாம் எப்படி அனுபவித்தார் என்பதை எல்லோர் எதிரிலும் வைத்தார், அவ்வளவுதான்.

புத்தகத்தைக் கொடுக்காமல், புத்தகத்தைப் படித்த என்னைக் கொடுப்பது என்று இதை நான் எடுத்துக்கொண்டேன். என் தங்கை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுவேன். இல்லையென்றால் கதையை என் போக்கில் சொல்வேன். ஒருமுறை ஒரு பெரிய ரஷ்ய நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது இப்படித் துண்டு துண்டாகச் சொல்லிவந்தேன். அதில் ஒரு பெண், தனக்கு வாக்குக் கொடுத்தவனை விட்டுவிட்டு வேறு ஒருவனோடு ஓடிப்போகத் துணிகிறாள். அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். மறுநாள் போனில் வேறு ஏதோ ஒரு வேலை விஷயம் பேசி முடித்துவிட்டு, தங்கை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்: “அக்கா, அந்தப் பொண்ணு போயிட்டாளா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.”

நான் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் மேல் அல்ல, வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னவன் மேல். “காத்திருன்னு சொல்லிட்டு இவன் பாட்டுக்கு ஊர் சுற்றப் போயிட்டான். இருபது வயசுகூட ஆகாத பொண்ணு ஒரு வருஷம் எப்படிக்கா காத்திருக்கும்? அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?” அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் பெண் எங்கள் பேச்சில் ஒரு சொந்தக்காரியைப் போல வந்துகொண்டே இருந்தாள். யாருக்காவது கல்யாணப் பேச்சு நடந்து தள்ளிப்போனால் தங்கை அவள் பேரைச் சொல்வாள், எனக்குப் புரியும். அந்த நாவலின் அட்டையைக்கூட அவள் திறந்தது கிடையாது. இனிமேல் திறக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தப் பெண் அவளுக்கு அறிமுகம் இல்லாதவள் என்று என்னால் சொல்ல முடியாது. என் தங்கைக்குத் தெரிந்த அந்தப் பெண் புத்தகத்தில் இருப்பவளைவிடக் கொஞ்சம் தைரியசாலி, கொஞ்சம் வாயாடி. நான் சொன்ன விதத்தில் கொஞ்சம், அவள் கேட்ட விதத்தில் கொஞ்சம் அப்படி ஆகியிருக்கிறாள். அதில் எனக்குக் குறையே இல்லை.

அப்பாவின் விஷயம் இதற்கு நேர் எதிர். எனக்கு உயிராக இருக்கிற ஒரு நாவல் உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை, அது அத்தனை பிரபலமும் அல்ல. ஓர் இளைஞன், ஒரு பெரிய நகரம், அவன் இரவெல்லாம் நடக்கிறான், யோசிக்கிறான், ஒருத்தியை நினைத்து உருகுகிறான். வாக்கியத்துக்கு வாக்கியம் அழகு. ஒருநாள் நான் வெளியே கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தேன். எனக்காகக் காத்திருந்த அப்பா மேஜையில் கிடந்த அதை எடுத்துப் பிரித்தார். முப்பது பக்கம் போல ஓடியிருக்கும். கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தப் பையன் வேலைக்கே போகலையேம்மா. வீட்டு வாடகையை யார் கட்டுறா?”

“அதெல்லாம் கதையில வராதுப்பா.”

“அதெப்படி வராம இருக்கும்? மாசம் பொறந்தா வாடகை வந்துடுமே.”

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இவ்வளவு பெரிய தனிமையைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், வாடகையைக் கேட்கிறாரே என்று. ஆனால் கேள்வி விடவில்லை. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன், இந்த முறை வாடகையைத் தேடிக்கொண்டு.

அந்த இளைஞனுக்கு ஓர் அக்கா. நாவலில் அவள் வருவது சில இடங்களில்தான், அதுவும் ஓரமாக. எப்போதும் தாமதமாக வீடு திரும்புவாள். கதவு சத்தம் கேட்கும். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஓரிடத்தில் அவள் விளக்கைத் தூண்டக் கையை நீட்டும்போது, மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது என்று ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். நல்ல வர்ணனை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் பட்டதில்லை. கடிகாரம் எங்கே? விற்றுவிட்டாள். அந்த மாத வாடகை அது. அடுத்த அத்தியாயத்தில் வீட்டுக்காரர் படியில் எதிர்ப்படும்போது சிரித்துவிட்டுப் போகிறார், வழக்கமாக முறைக்கிறவர். எழுத்தாளர் எல்லாவற்றையும் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறார். அந்த இளைஞனின் கண்ணில் படாததை அவன் சொல்லுகிற கதையில் எப்படி வைப்பது என்று தெரிந்து வைத்திருக்கிறார். அந்த நாவல் எனக்கு முழுக்க வேறாகிவிட்டது. அவனுடைய தனிமைக்கு அடியில் அவளுடைய தனிமை இருந்துகொண்டே இருந்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். “அக்காதான்ப்பா கட்டுறா. கையில இருந்த கடிகாரத்தை வித்து.”

“அப்படிச் சொல்லு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பையனுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்.

அந்த நாவலைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் எந்த விமர்சனத்திலும் பார்த்ததில்லை. புத்தகத்தை ரசிக்காத ஒருவர், ரசிக்காததாலேயே கேட்கக்கூடிய கேள்வி அது. வாக்கியங்களின் அழகில் நான் மயங்கி நின்ற இடத்தை அவர் சும்மா தாண்டிப்போய், அந்த வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டார். மரியாதைக்காக “அருமை” என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரைவிட, “இது ஏன் இப்படி இருக்கு?” என்று எரிச்சலோடு கேட்கிறவர் எனக்கு அதிகம் தந்திருக்கிறார்.

இதெல்லாம் இருந்தும் ஒரு பசி மிச்சம் இருக்கிறது. அதை இல்லை என்று சொன்னால் பொய். கூடப் படிக்கிற ஒரு ஆள் வேண்டும். அதே பக்கத்தில், அதே வரியில் நின்று, ஆமாம் நானும் இங்கேதான் நின்றேன் என்று சொல்கிற ஆள். தங்கையும் அப்பாவும் தருவது வேறு, இது வேறு. ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது.

தமிழில் அந்தப் பசியின் மிகப் பெரிய கதை 1880-ல் கும்பகோணத்தில் நடந்தது. உ.வே. சாமிநாதையர் அப்போது அங்கே கல்லூரித் தமிழாசிரியர், வயது 25. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் எந்த மலர்ச்சியும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாக இருக்கிற பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

பெரும்பாலும் இந்தக் கதையை ஐயரின் பக்கத்திலிருந்துதான் சொல்வோம். பழந்தமிழ் நூல்களைத் தேடி அவர் நடந்த நடை அங்கேதான் தொடங்குகிறது. 1887-ல் சிந்தாமணிப் பதிப்பு, அடுத்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று அது நீண்டது. நான் முதலியாரின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீதிமன்ற வேலை, நாளெல்லாம் வழக்குகள். மனசுக்குள் சிந்தாமணி. யாரைக் கேட்டாலும் அந்தாதியும் கலம்பகமும் சொல்கிறார்கள். சிந்தாமணி என்றால் விழிக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும், வருகிற ஒவ்வொரு தமிழ்ப் புலவரிடமும் இதே கேள்வியைக் கேட்டு ஏமாந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கும் ஏமாற்றம்தான். ஆனாலும் அவர் பேச்சை முடித்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து ஐயரைப் படிக்கச் சொன்னார். பிறகு இருவரும் சேர்ந்தே படித்தார்கள். அது ஒரு சமணக் காப்பியம். ஐயர் சைவச் சூழலில் வளர்ந்தவர். புரியாத இடங்களைத் தெரிந்துகொள்ள அவர் அந்த ஊர்ச் சமணர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். ஒரு மனிதர் தமக்குப் பிடித்த புத்தகத்துக்குத் துணை தேடியதில் ஒரு மொழிக்கு அதன் பழைய நூல்கள் திரும்பக் கிடைத்தன.

அந்தத் துணை நம் வீட்டில்தான் கிடைக்க வேண்டும், நம் காலத்தில்தான் கிடைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜான் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1965-ல் ‘ஸ்டோனர்’ என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு கல்லூரி ஆசிரியரின் வெளியில் தெரியாத வாழ்க்கை. இரண்டாயிரம் பிரதிகள் போல விற்றது. சீக்கிரமே அச்சில் இல்லாமல் போனது. வில்லியம்ஸ் 1994-ல் இறந்துவிட்டார். 2000-க்குப் பிறகு மறுபதிப்புகள் வந்தன, 2011-ல் பிரெஞ்சில் ஆன்னா கவால்டா மொழிபெயர்த்தார், அதற்கப்புறம் ஐரோப்பா முழுக்க அது லட்சக்கணக்கில் விற்கத் தொடங்கியது. அந்த நடுவில் இருந்த நாற்பது வருஷத்தைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் அந்தப் பழைய பிரதியை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார். யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். இன்னொரு ஊரில் இன்னொருவர். இவருக்கு அவரைத் தெரியாது. அப்படித் தனித்தனியாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிட யாருக்குத் தோன்றியிருக்கும்?

யாரிடமும் சொல்லாத புத்தகங்களும் எனக்கு உண்டு. ஒரு சிறிய கவிதைத் தொகுப்பு. ஒரு நாட்குறிப்பு. அவற்றைப் பற்றிப் பேசினால் கரைந்துவிடுமோ என்று இருக்கிறது. அவை அப்படியே இருக்கட்டும்.

தோழியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தில் மூடிவைத்த அந்த நாவலை அவள் இன்றுவரை படிக்கவில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் புத்தகம் ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று அவளாகவே கேட்டாள். நான் புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல், அதைப் படித்த வருஷம் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாத சில விஷயங்கள். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அன்றைக்கு அவளிடம் அந்தப் புத்தகத்தை மறுபடி நீட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதில் எதைக் கண்டுபிடிக்கச் சொன்னேனோ அது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது படித்துக்கொண்டிருப்பது ஒரு தடிமனான பழைய நாவல். ஒரு வியாபாரி கடன் மேல் கடன் வாங்குகிறார்; எத்தனைக்கு வாங்கினார், என்ன வட்டி, எப்போது தவணை என்று எழுத்தாளர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இலக்கிய நண்பர்கள் சிலர் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படி என்று சொன்னார்கள். நான் தள்ளவில்லை. அந்த அத்தியாயம் முடிந்ததும் எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொண்டுபோகப் போகிறேன். அந்த ஆள் எந்த மாதத்தில் தப்பித்திருக்கலாம் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.